ஐந்தாம் நாள் காய்ச்சல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி, சம்பா கதிர் முற்றுகிற காலத்தில் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் புல்லும் புதரும் இடுப்பளவு நிற்கும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் அடுப்புக்கு வேலிக்கருவை வெட்டவும் பெண்கள் கரையேறுகிற காலமும் அதுதான். மார்கழியிலும் தையிலும் இந்தக் கிராமங்களில் வரும் காய்ச்சல்களில் ஒன்று ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கான மருந்து சில ரூபாய் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். இருந்தும் அந்தக் காய்ச்சலால் மனிதர்கள் சாகிறார்கள்.

ஸ்க்ரப் டைபஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். நாளிதழ்களும் சுகாதாரத் துறையும் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணியால் இது வருவதில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவற்றின் உடலில் ஒட்டி வாழும் அந்தப் புழு, புல்நுனியில் காத்திருந்து, அந்த வழியே போகும் மனிதர்மீதும் ஏறிக்கொள்ளும். கடித்த இடம் வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா அதன் வழியே ரத்தத்தில் நுழைகிறது. பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்குகிறது.

அதன்பின் நடப்பதை இந்தப் பக்கத்து மருத்துவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் நாள், “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்று அந்தப் பெண் படுக்கிறார். மறுநாள் மெடிக்கலில் காய்ச்சல் என்று சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கி வருகிறார்கள். மூன்றாம் நாள் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. சற்றுத் தணிந்ததும் எழுந்து நாற்று, களை, ரேஷன் என்று ஓடுகிறார். ஐந்தாம் நாள் குளிரும் தலைவலியும் கூடுதலாக வர, டெங்குவாக இருக்குமோ என்ற பயத்தில் ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று வருகிறது. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. ஆகவே பப்பாளி இலைச் சாறும் இரண்டு பாட்டில் குளுக்கோஸும். ஏழெட்டு நாளில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது, கண் மஞ்சளாகிறது, பேச்சு குழறுகிறது. அப்போதுதான் 108 வண்டி. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவு. அங்கே உடையை விலக்கிப் பார்க்கும் மருத்துவர், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கைக் காண்கிறார். நோய் அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் நுரையீரலோ சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கதையில் வறுமை உண்டு, தொலைவு உண்டு. ஆனாலும் ஆளைக் கொல்வது இரண்டாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையே வீணாகும் காலம்தான். அந்த நாட்களில் நோயாளி யார் கையிலும் படாமல் இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், கிளினிக் மருத்துவர், ஆய்வகத்துக்காரர் என்று குறைந்தது மூன்று பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். சரியான மாத்திரையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. ஊரை மூடவும் வேண்டாம், யாரையும் தனிமைப்படுத்தவும் வேண்டாம். நிபா போலவோ எபோலா போலவோ பெயர் கேட்டதும் உலகம் நடுங்குவதும் இல்லை. அதனாலேயே இதற்குச் செய்தித் தலைப்பு கிடைப்பதில்லை. ஓர் ஊரில் ஒருவர், அடுத்த ஊரில் இருவர், மூன்று வாரம் கழித்து இன்னோர் ஊரில் ஒருவர் என்று இது எடுத்துப்போகும் உயிர்கள் பரவிக் கிடக்கின்றன. ‘காய்ச்சல் முத்திப் போச்சு’ என்ற மூன்று சொற்களோடு ஊர் அவற்றை மறந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் குண்டுகளோடு சேர்ந்து வீரர்களைக் கொன்ற நோய் இது. 1948-இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வில் குளோராம்பெனிக்கால் இதைக் குணப்படுத்தும் என்று தெரிந்தது. பின்னர் டாக்சிசைக்ளின் வந்தது. அதற்கப்புறம் மருத்துவ உலகமே இதை ஏறக்குறைய மறந்தது. தமிழகத்தில் இதை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். 2001-2002 குளிர்காலத்தில் அங்கு வந்த காரணம் புரியாத காய்ச்சல்களைத் துருவிப் பார்த்து, இது ஸ்க்ரப் டைபஸ் என்று அறிவித்தார்கள். அதன்பின் அவர்கள் இந்த நோயை விடவே இல்லை.

2020 ஆகஸ்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் வட தமிழகத்தின் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை அவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி, “வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?” என்று கேட்டு ரத்தம் எடுத்தார்கள். ஓர் ஆண்டில் நூற்றுக்குப் பத்து பேர் வரை இந்தக் கிருமியைச் சந்திக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் காய்ச்சல் வருகிறது. அவர்களிலும் சிலர் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு மோசமாகிறார்கள். அந்த 37 கிராமங்களில் ஐந்து பேர் இறந்தார்கள். உத்திரமேரூர் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் அதே மழை, அதே புதர், அதே எலி இங்கும் உண்டு. 2024-25 குளிர்காலத்தில் பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தபோது, நோய் கூடுவதாகச் சொன்ன மாவட்டங்களில் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் இருந்தன.

எச்சரிக்கை வந்தால் போதாதா? போதாது. அது சுற்றறிக்கையாக வந்து, கோப்பில் ஏறி, அடுத்த மழைக்கு மறக்கப்படுகிறது. மழைக்காலம் வந்தாலே நம் சுகாதார இயந்திரம் முழுவதும் டெங்குவின் பக்கம் திரும்பிவிடுகிறது. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகத் தொட்டிகளைப் பார்க்கிறார்கள், காய்ச்சல் முகாம்கள் நடக்கின்றன. அது தேவையான வேலைதான். ஆனால் டெங்கு இல்லை என்று சீட்டு வந்துவிட்டால், அந்த நோயாளி யாருடைய கணக்கிலும் இல்லாமல் போகிறார். ‘டெங்கு இல்லை’ என்பதை ‘பயமில்லை’ என்று வாசிக்கும் பழக்கம் ஊரில் மட்டுமல்ல, கிளினிக்குகளிலும் வேரூன்றிவிட்டது. இரண்டு நோயிலும் தட்டணு குறையும் என்ற ஒரே செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தால்கூடச் சில உயிர்கள் தப்பும்.

இங்கே ஒரு மருத்துவ உண்மையை விரித்துச் சொல்ல வேண்டும். கிராமத்துக் கிளினிக்குகளில் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்குகள் பென்சிலின், செபலோஸ்போரின் குடும்பத்தைச் சேர்ந்தவை. தினம் ஒன்றாகப் போடப்படும் செப்ட்ரியாக்சோன் ஊசியும் அந்தக் குடும்பம்தான். இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே குடியேறி வளர்வது. அந்த மருந்துகள் தாக்குகிற உறுதியான செல்சுவரும் இதற்கு இல்லை. எனவே ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்து ஐந்து நாள் ஊசி போட்டாலும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. டாக்சிசைக்ளின், அல்லது கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் தரப்படும் அசித்ரோமைசின், இரண்டில் ஒன்று வேண்டும். நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அப்படி இறங்குவதே, வந்தது இந்த நோய்தான் என்பதற்கு ஒரு சான்றாகவும் கொள்ளப்படுகிறது.

முற்றிய பிறகு நிலைமை வேறு. கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் ஏறக்குறைய 800 பேரை வைத்து, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் வேலூர்க்காரர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று அது காட்டியது. பயனுள்ள முடிவு. ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு எண் என்னை அதிகம் உலுக்கியது. எந்த மருந்தைக் கொடுத்தாலும், அந்த நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். தேர்ந்த மருத்துவர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருந்த இடங்களின் கணக்கு இது. அந்த இறப்பைக் குறைக்கும் வாய்ப்பு இனிமேல் பெரிய மருத்துவமனையில் இல்லை. உத்திரமேரூர் வட்டாரத்துச் சாலவாக்கத்திலும் மானாம்பதியிலும் உள்ளவை போன்ற சிறிய அரசு சுகாதார நிலையங்களில்தான் இருக்கிறது.

சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு மருந்து கொடுக்கலாமே என்று கேட்கலாம். பரவலாகச் செய்யப்படும் எலைசா சோதனை, உடல் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கிய பிறகே காட்டும். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் பலருக்கு ‘இல்லை’ என்றுதான் வரும். மேலும், எலைசா தட்டில் பல மாதிரிகளைச் சேர்த்தே ஓட்டுவார்கள். மாவட்ட ஆய்வகத்துக்குப் போன ஒற்றை மாதிரி, தட்டு நிரம்பக் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிவு வரும்போது நோயாளி குணமாகி வீட்டில் இருப்பார், இல்லையென்றால் அவர் இருக்கமாட்டார். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல், ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் காரணம் புரியாத காய்ச்சலில் இந்த நோயைச் சந்தேகிக்கவும், சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கவும் சொல்கிறது. வழிகாட்டுதல் இருக்கிறது. வழக்கமாக அது இன்னும் மாறவில்லை.

வழக்கமாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று கோரக்பூர். உத்தரப் பிரதேசத்தின் அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் மழைக்குப் பிறகு குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். 2005-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எல்லோரும் நம்பினார்கள். 2006-இல் தடுப்பூசி வந்தது, அந்த நோய் குறைந்தது. குழந்தைகள் சாவது நிற்கவில்லை. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தினர் அங்கே போய்ப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்க்ரப் டைபஸ் தடயம் இருந்தது. வயலில் விளையாடுவது, மாட்டுத் தீவனத்தைக் கையாள்வது, வெளியில் மலம் கழிப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டின. தீர்வாக அவர்கள் சொன்னது, மூளையைத் தாக்கும்வரை காத்திருக்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலோடு வரும்போதே டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுங்கள் என்பதே. அரசு அதை ஏற்றது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் மூளைக்காய்ச்சல் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. குடிநீர், கழிப்பறை, மருத்துவமனை வசதி எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் இந்த மாத்திரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அயப்பாக்கத்திலிருந்து கோரக்பூருக்குப் போன அறிவு, சுமார் இரண்டு மணிநேரத் தொலைவிலுள்ள உத்திரமேரூர் துணை சுகாதார நிலையத்துக்கு முழுதாக வந்து சேரவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

யோசித்துத்தான் சொல்கிறேன்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு வரும் எந்தக் கிராமத்து நோயாளியும், வேறு காரணம் தெளிவாகத் தெரிந்தாலன்றி, அந்த மாத்திரை இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. கண்டபடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இன்று என்ன நடக்கிறது? மெடிக்கலில் இரண்டு நாளைக்கு அசித்ரோமைசின், கிளினிக்கில் செபலோஸ்போரின், அடுத்த ஊரில் வேறொன்று. ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, தவறான திசையில். காலமும் நாளும் வரையறுத்துக் கொடுக்கும் ஒரு மருந்து அந்தக் குழப்பத்தைக் குறைக்கவே செய்யும். சேற்றிலும் நெல்வயலிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலையும் டாக்சிசைக்ளின் குணப்படுத்தும் என்பது கூடுதல் நன்மை.

மாத்திரையைவிடக் கடினமான வேலை, அந்தக் கருத்த பொருக்கைத் தேடுவது. ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் அது இருக்கும். அக்குள், மார்பகத்தின் அடி, இடுப்பில் புடவையோ பாவாடை நாடாவோ இறுகும் இடம், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், கதவு திறந்திருக்க, ஓர் ஆண் மருத்துவர் முன் ஐம்பது வயதுப் பெண் எதைக் காட்டுவார்? ‘ஒண்ணும் இல்லைங்க’ என்றுதான் சொல்வார். மருத்துவரும் மேலே கேட்கமாட்டார். ஒரு திரைச்சீலையும் கூட ஒரு செவிலியரும் இரண்டு நிமிடமும் இருந்தால் தீர்ந்துவிடும் விஷயம், நம் கூச்சத்தாலும் நெரிசலாலும் உயிர்ப்பலி கேட்கிறது. கிராம சுகாதார செவிலியரை ஊரே ‘நர்ஸம்மா’ என்று உரிமையோடு கூப்பிடுகிறது. பிரசவம் பார்த்தவர், பிள்ளைக்கு ஊசி போட்டவர். அவரிடம் பெண்கள் மறைக்க மாட்டார்கள். நான்கு நாள் காய்ச்சலோடு இருக்கும் பெண்ணை வீட்டிலேயே பார்த்து, பொருக்கு இருக்கிறதா என்று தேடும் பொறுப்பையும், இருந்தால் அப்போதே முதல் மாத்திரையைக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்பும் அதிகாரத்தையும் அவரிடம் தர வேண்டும். அதற்கு முதலில் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கே கனமானது. பக்கத்துத் துணை நிலையத்தையும் ‘பொறுப்பு’ பார்ப்பவரிடம் இன்னொரு வேலையைச் சுமத்திவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மழைக்கால ஐந்து மாதங்களில் அவர்கள் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “யாருக்காவது நாலு நாளா காய்ச்சலா?” ஆய்வகம் இல்லாமலேயே களப்பணியாளரால் ஆபத்தைக் கணிக்க முடியும் என்பதை இந்த மாநிலம் ஏற்கெனவே நிரூபித்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அதற்குச் சான்று. எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்ற எளிய கணிப்புகளைக் கொண்டு, சாகும் நிலையிலுள்ள காசநோயாளிகளைக் கண்டறிந்து உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காய்ச்சலுக்கும் அதுபோல ஒரு சீட்டு எழுதுவது பெரிய காரியமில்லை.

தடுப்பு பற்றி அரசு அறிவுரைகள் சொல்வதை வாசித்தால் மனம் கசக்கிறது. புதர்ப் பக்கம் போகாதீர்கள், புல்லில் உட்காராதீர்கள், முழுக்கை சட்டை அணியுங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வரத்துக்கால்வாயில் புதர் வெட்டுபவரிடம் இதைச் சொல்லலாமா? ஏரிக்கரையில் பட்டா இல்லாமல் குடிசை போட்டு, வயலில் எலி பிடித்தும் விறகு வெட்டியும் வாழும் இருளர்களிடம்? தமிழகத்தின் மிக நலிந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றான அவர்களுக்குப் புதரும் எலியும்தான் பிழைப்பு. இந்த நோயின் நேர்ப்பாதையில் நிற்பவர்கள் அவர்கள்தான். மருத்துவமனைக்குக் கடைசியாக வருபவர்களும் அவர்கள்தான், ஒருநாள் கூலி போய்விடும் என்பதாலும், வரிசையில் நடத்தப்படும் விதத்தாலும். வேலைத்தளத்தில் காலணியும் கையுறையும் கொடுப்பது, கரையோரக் குடியிருப்புகளைச் சுற்றிப் புதரை ஊராட்சியே அகற்றுவது, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றத் தண்ணீர்வசதி செய்வது: இவற்றை ஊராட்சி செய்ய முடியும். அதைச் செய்துவிட்டுப் பிறகு அறிவுரை சொல்லலாம். கிருமியை மண்ணிலிருந்து ஒழிக்க முடியாது. தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும் கிருமி அது.

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது, அதே வட்டாரத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வீரசோழன் என்ற பெயரில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையை அது விவரிக்கிறது. கோயில் கல்விச்சாலையின் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமான மருத்துவமனை அது. ஊர் முழுவதற்கும் திறந்ததல்ல. ஆனால் அந்தக் கல்வெட்டில் மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்பவர்கள், நோயாளியைப் பேணும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன. யார் இருக்க வேண்டும், எந்த மருந்து குறையக் கூடாது என்பதைக் கல்லில் வெட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள்.

நம் துணை சுகாதார நிலையங்களின் சுவரில் அப்படி ஒரு பலகை வேண்டும். டாக்சிசைக்ளின் இன்று எத்தனை, அசித்ரோமைசின் எத்தனை, செவிலியர் யார், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று யார் என்று. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கி மருந்துக் கொள்முதலுக்கு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணத்தின் வாரிசு. பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராய்ந்து, எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று கேட்கும் வழக்கம் அந்த இறப்புகளைக் குறைக்கப் பெரிதும் உதவியது. காய்ச்சல் மரணங்களுக்கும் அதே விசாரணை நடக்க வேண்டும். முதல் நாள் எங்கே போனார், மூன்றாம் நாள் என்ன மருந்து, ஐந்தாம் நாள் யார் பார்த்தார், அந்த மாத்திரை எப்போது கிடைத்தது. யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்தவருக்கு அந்த நாட்கள் வீணாகாமல் இருப்பதற்காக.

அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சில வாரங்களே இருக்கும் நேரம் அது. தெருவிளக்கு, சாலை, குடிநீர் என்ற வழக்கமான பட்டியலோடு, கடந்த மழைக்காலத்தில் நம் ஊரில் காய்ச்சலில் இறந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு எந்த நாளில் என்ன மருந்து கிடைத்தது என்பதை அந்தச் சபையில் வாசிக்கக் கேளுங்கள். துணை நிலையத்தில் எத்தனை மாத்திரை இருக்கிறது, செவிலியர் பணியிடம் காலியா என்பதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பி, நவம்பர் 1 அன்று மீண்டும் கிராம சபை கூடும்போது பதில் வந்ததா என்று கேளுங்கள்.